திங்க்பேடில் கை வைத்தால் ஏன் இத்தனை கோபம்?

2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியில் லெனோவோ நிறுவனம் திங்க்பேட் எக்ஸ்9 என்ற புது லேப்டாப்பைக் காட்டியது. அலுமினிய உடல், ஓஎல்இடி திரை, மெலிந்த தோற்றம் என்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சு முழுக்க அதில் இல்லாத ஒன்றைச் சுற்றியே போனது. கீபோர்டின் நடுவில், ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கு இடையே துருத்திக்கொண்டு நிற்குமே ஒரு சிவப்புக் குமிழ், அது இல்லை. குமிழ் இல்லாதது திங்க்பேடே இல்லை என்று பழைய ஆட்கள் கொதித்தார்கள். அந்தக் குமிழை வாழ்நாளில் தொட்டே பார்க்காதவர்கள், இதற்கா இத்தனை அமர்க்களம் என்று சிரித்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் விசித்திரம்தான். அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற கறுப்பு லேப்டாப் அது. அதில் ஒரு பொத்தான் போனால் யாருக்கு என்ன? ஆனால் இந்தச் சண்டை புதிதல்ல, பல வருடங்களாக நடக்கிறது. ஒவ்வொரு தடவை வடிவத்தை மாற்றும்போதும் கோபம் கிளம்பும். சில தடவை நிறுவனம் பணிந்து, மாற்றியதைப் பழையபடி வைத்தது. சில தடவை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எதற்குப் பணிந்தது, எதற்குப் பணியவில்லை என்று வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சத்தத்தின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. திங்க்பேடை ஐபிஎம் 1992 அக்டோபரில் வெளியிட்டது. 700சி என்ற அந்த முதல் மாடலில் 10.4 அங்குல வண்ணத் திரை இருந்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம். பொறியியல் வேலை ஜப்பானின் யமாட்டோ ஆய்வகத்தில் நடந்தது. அதை வழிநடத்திய அரிமாசா நைட்டோவைத்தான் திங்க்பேடின் தந்தை என்பார்கள். வடிவத்துக்கு மூலவர் ரிச்சர்ட் சாப்பர். ஜெர்மனியில் பிறந்து இத்தாலியின் மிலான் நகரத்தில் குடியேறியவர், டிசியோ மேசை விளக்கை வடிவமைத்தவர். ஜப்பானியர்களின் கறுப்பு அரக்குச் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது: மூடியிருக்கும்போது எந்த அலங்காரமும் இல்லாத கறுப்புப் பெட்டி, திறந்தால் உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில். கம்ப்யூட்டர் என்றால் மங்கிய வெள்ளை அல்லது சாம்பல் என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான முடிவு.

குமிழின் சிவப்புக்கும் ஒரு கதை உண்டு. ஐபிஎம்மில் சிவப்பு என்பது பெரிய இயந்திரங்களின் அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட நிறம். வேறெதற்கும் தொடக்கூடாது என்று விதி. வடிவமைப்புக் குழு என்ன செய்தது? இது சிவப்பே இல்லை, மெஜந்தா என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டது. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாக நல்ல சிவப்பாகவே ஆகிவிட்டது.

அந்தக் குமிழுக்குப் பெயர் டிராக்பாயிண்ட். ஆராய்ச்சியாளர் டெட் செல்கர் உருவாக்கியது. கை தட்டச்சிலிருந்து கிளம்பி மவுஸுக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம். பார்த்தால் ஜாய்ஸ்டிக் போல இருக்கும், ஆனால் அது அசையவே அசையாது. விரல் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று அடியிலிருக்கும் உணரிகள் அளக்கும். லேசாக அழுத்தினால் அம்புக்குறி ஊர்ந்து போகும், பலமாக அழுத்தினால் பறக்கும். ஸ்பேஸ் பாருக்குக் கீழே கட்டைவிரலுக்குத் தோதாக மூன்று பொத்தான்கள். நடுப்பொத்தானை அழுத்தியபடி குமிழைத் தள்ளினால் பக்கம் உருளும். இது பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளில் எல்லோருக்கும் எரிச்சல்தான் வரும். பழகிவிட்டால் கை கீபோர்டை விட்டு நகரவே நகராது. இந்த இரண்டு வார விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாங்குபவர் வேறு, தட்டுபவர் வேறு

வீட்டுக்கு லேப்டாப் வாங்கும்போது வாங்குகிறவரும் பயன்படுத்துகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். கடையில் தொட்டுப் பார்ப்பார், பிடித்தால் வாங்குவார். அலுவலக லேப்டாப்பில் அப்படியில்லை. ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுப்பது ஐடி பிரிவும் கொள்முதல் பிரிவும். அவர்கள் பார்ப்பது விலை, உத்தரவாதம், உதிரிப்பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் டாக் (லேப்டாப்பை மேசைத் திரை, கீபோர்டோடு இணைக்கும் பெட்டி) இதற்கும் ஒத்துவருமா என்பது போன்ற கணக்குகள். கீபோர்டில் பேஜ்அப் எங்கே இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. அதைத் தினமும் எட்டு மணி நேரம் தட்டுகிறவரை யாரும் கேட்பதில்லை.

இதிலிருந்து ஒரு வினோதமான உறவு உருவாகிறது. தட்டுகிறவருக்குத் தேர்வு உரிமை கிடையாது, ஆனால் பழக்கம் இருக்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை அலுவலகம் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும்போது, அவர் எதிர்பார்ப்பதெல்லாம் ஒன்றுதான்: எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இருட்டில் வீட்டுக்குள் நுழைகிறவர் கை சுவிட்ச் போர்டுக்குத் தானாகப் போகிற மாதிரி, டெலீட் எங்கே, எண்ட் எங்கே என்று விரல்களுக்குத் தெரியும். திங்க்பேட் இருபது வருடம் கொடுத்த உண்மையான வசதி வேகமோ அழகோ இல்லை, இந்த மாறாத்தன்மைதான். அதனால்தான் இங்கே ஒரு பொத்தான் நகர்ந்தாலும் அதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளாமல் வாக்கு தவறியதாக எடுத்துக்கொள்கிறார்கள். பழைய நினைவு ஏக்கம் என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. அந்தப் பொத்தானுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது.

மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு: இதுவரை திங்க்பேட் வாங்காதவர். மேக்புக்கோ வேறு மெல்லிய லேப்டாப்போ வைத்திருப்பவர். எந்த நிறுவனத்துக்கும் வளர்ச்சி இவரிடமிருந்துதான் வர வேண்டும். நிறுவனத்தின் பார்வை எப்போதும் இவர் மேல்தான்.

சரி, ஐபிஎம் காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது, லெனோவோ வந்து கெடுத்துவிட்டது என்று ஒரு பேச்சு நிரந்தரமாக உண்டு. ஐபிஎம்மின் கம்ப்யூட்டர் பிரிவை லெனோவோவுக்கு விற்பதாக 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2005 மே மாதம் கை மாறியது. அதற்குப் பிறகு எது மாறினாலும் பழி சீன நிறுவனத்தின் மேல் விழுந்தது. ஆனால் வேலை செய்தது அதே யமாட்டோ குழுதான், வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டதும் ஐபிஎம்மிலிருந்து வந்த டேவிட் ஹில்தான். மாற்றம் ஐபிஎம் காலத்திலும் நடந்தது. 1995-இல் வந்த 701சி மாடலில் ஜான் கரிடிஸ் வடிவமைத்த வண்ணத்துப்பூச்சிக் கீபோர்டு இருந்தது. மூடியைத் திறந்தால் இரண்டு துண்டுகளும் விரிந்து லேப்டாப்பின் அகலத்தையே தாண்டி வெளியே நீளும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வரைக்கும் போன வடிவம் அது. திரை அகலமானதும் அதற்குத் தேவையில்லாமல் போய், ஐபிஎம்மே அதை விட்டுவிட்டது. இன்னொரு பக்கம், ஐபிஎம் பிடிவாதமாக விண்டோஸ் பொத்தானை வைக்கவே இல்லை. 2005-இல் லெனோவோவின் இசட்60 மாடலில்தான் அது முதலில் வந்தது. அகலத்திரையும், விரும்பினால் டைட்டானியம் மூடியும் அதனுடனேயே வந்தன. விண்டோஸ் பொத்தானுக்கு அன்றைக்கு எழுந்த முணுமுணுப்பை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது இல்லாமல் இன்று யாருக்கும் வேலை ஓடாது.

2012 முதல் 2014 வரை

பெரிய சண்டைகள் இந்த மூன்று வருடத்தில்தான் நடந்தன. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய காலம்.

அதுவரை திங்க்பேட் கீபோர்டில் ஏழு வரிசை. மேலே வலது மூலையில் இன்சர்ட், டெலீட், ஹோம், எண்ட், பேஜ்அப், பேஜ்டவுன் ஆறும் ஒரு கொத்தாக இருக்கும். மேசைக் கீபோர்டில் இருப்பது மாதிரியே சேர்ந்திருப்பதால் கண் பார்க்காமலே கை போய்விடும். அதற்குச் சில வருடம் முன்பு, 2009-இல் வந்த டி400எஸ்ஸில் எஸ்கேப், டெலீட் இரண்டையும் இரு மடங்கு பெரிதாக்கினார்கள். மக்கள் எந்தப் பொத்தானை அதிகம் தட்டுகிறார்கள் என்று பார்த்துச் செய்த மாற்றம் அது. பெரிய எதிர்ப்பில்லை, தட்டுகிறவர் கைக்கு அது உதவியது.

2012-இல் டி430, எக்ஸ்230 மாடல்கள் வந்தபோது ஏழு வரிசை ஆறானது. பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனித் தீவுகளாக நிற்கும் புது வகை. ஆறு பொத்தான் கொத்து கலைந்தது. பேஜ்அப், பேஜ்டவுன் இரண்டும் கீழே அம்புப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. பிரிண்ட் ஸ்கிரீன் வலது ஆல்ட்டுக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவே செருகப்பட்டது. கை தவறி அதைத் தட்டாத ஆளே இருக்க மாட்டார். காரணம் இருந்தது. முந்தைய வருடமே திரைகளின் அகல-உயர விகிதம் 16:10-லிருந்து 16:9-க்கு மாறியிருந்தது. திரை குட்டையானால் கீழ்ப்பாதியும் குட்டையாகும், கீபோர்டுக்கும் டச்பேடுக்கும் ஒதுக்கிய இடம் சுருங்கும். அதே சமயத்தில் விண்டோஸ் 8 விரல் சைகைகளைக் கொண்டுவந்ததால் டச்பேட் பெரிதாக வேண்டியிருந்தது. இடம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், ஏழாவது வரிசை பலியானது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால் புதிதாக வருகிறவருக்கு ஆறு வரிசைக் கீபோர்டு நன்றாகவே இருந்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். நியாயமாகச் சொன்னால் தட்டுவதற்கு அது நல்ல கீபோர்டுதான். கலைந்தது பழைய பழக்கம் மட்டும்.

2013-இல் இன்னொரு அடி. டி440, எக்ஸ்240 வரிசையில் டிராக்பாயிண்டின் மூன்று பொத்தான்களையும் எடுத்துவிட்டார்கள். டச்பேடின் மேல் விளிம்பையே பொத்தானாகப் பயன்படுத்திக்கொள் என்றார்கள். முழு டச்பேடும் ஒரு பலகை மாதிரி அமுங்கும். எங்கே இடது முடிகிறது, எங்கே நடு தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. குறி பார்த்து வைத்த அம்புக்குறி, அழுத்தும்போது பலகையோடு சேர்ந்து நகர்ந்துவிடும். நடுப்பொத்தானை நம்பி வாழும், லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்துகிறவர்கள் நொந்துபோனார்கள். அவர்கள் மட்டுமில்லை. குமிழைத் தொடாமல் டச்பேடை மட்டும் பயன்படுத்துகிறவர்களும் அது தடதடவென்று ஆடுவதாகக் குறை சொன்னார்கள்.

அதன் உச்சம் 2014-இன் எக்ஸ்1 கார்பன் இரண்டாம் தலைமுறை. எஃப்1 முதல் எஃப்12 வரை உள்ள வரிசையையே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் தொடுபட்டை ஒன்றை வைத்தார்கள். திறந்திருக்கும் மென்பொருளுக்குத் தகுந்தபடி பட்டையில் படங்கள் மாறும். கேப்ஸ் லாக் இருந்த இடத்தை ஹோம், எண்ட் பொத்தான்கள் பிடித்துக்கொண்டன. பேக்ஸ்பேஸுக்குப் பக்கத்திலேயே டெலீட்டை ஒட்டிவைத்தார்கள், ஒன்றை அழிக்கப் போய் மற்றதை அழிக்க. கேப்ஸ் லாக்கை ஒழித்ததை மட்டும் நான் மனசாரப் பாராட்டியிருப்பேன், அங்கே கண்ட்ரோலை வைத்திருந்தால். நிரல் எழுதுகிறவர், எக்செல்லில் வாழ்கிறவர், தொலைநிலை இணைப்பில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் எல்லோருக்கும் எஃப் பொத்தான்கள் தினசரித் தேவை. தொடுபட்டையில் விரல் வைத்துத் தேட முடியாது, ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும்.

ஒரே வருடத்தில் பின்வாங்கல். 2015 ஜனவரியில் வந்த மூன்றாம் தலைமுறையில் எஃப் வரிசை திரும்பியது, டிராக்பாயிண்ட் பொத்தான்களும் திரும்பின. டி450, எக்ஸ்250 மாடல்களிலும் மூன்று பொத்தான்கள் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், லெனோவோ கைவிட்ட அந்த யோசனையை ஆப்பிள் 2016-இல் டச் பார் என்று கொண்டுவந்து, 2021-இன் 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களில் தானும் கைவிட்டது.

எதற்கு இறங்கி வந்தார்கள்?

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு வரிசைக் கீபோர்டுக்காக எழுந்த கோபம் சிறியதல்ல, நீண்டதும்கூட. அது திரும்ப வரவில்லை. தொடுபட்டையும் ஆடும் டச்பேடும் ஒன்றிரண்டு வருடத்தில் மறைந்தன. வித்தியாசம் எங்கே? முதலாவதில் அடிபட்டவர் பழைய ஆள் மட்டும். அடுத்த இரண்டிலும் புது ஆளுக்கும் அடிபட்டது. மாற்றம் யாரைக் கவர வந்ததோ அவருக்கே பிடிக்கவில்லை என்றால் நிறுவனம் திரும்பிப் பார்க்கிறது. பழைய ஆளுக்கு மட்டும் வலித்தால், கொஞ்ச நாளில் பழகிக்கொள்வார் என்று காத்திருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே போகிறது. அவர்தான் வாங்குகிறவரே இல்லையே, அலுவலகம் கொடுப்பதைத்தானே தட்டப்போகிறார்.

இந்த விதிக்கு விலக்கு போலத் தோன்றும் ஒன்று உண்டு. டேவிட் ஹில் 2015-இல், பழைய அழகும் புதிய சிப்பும் சேர்ந்த ஒரு ரெட்ரோ திங்க்பேட் செய்தால் எப்படி இருக்கும் என்று பொதுவில் கேட்டார். தொடர்ந்து கருத்துக்கணிப்புகள் நடத்தினார். ஆட்கள் திரண்டு வந்து, எத்தனை வரிசை, எந்த விகிதத் திரை, எந்த விளக்கு என்று எழுதிக் குவித்தார்கள். 2017 அக்டோபரில், 25-ஆம் ஆண்டு நிறைவுக்கு, திங்க்பேட் 25 வந்தது. ஏழு வரிசைக் கீபோர்டு, நீல நிற என்டர் பொத்தான், பல வண்ணப் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. ஆனால் உள்ளே அது டி470. திரையும் அதே 16:9 தான். கேட்டதில் கால்வாசி கிடைத்தது என்று சிலர் முகம் சுளித்தார்கள். அமெரிக்க விலை 1,899 டாலர். குறைந்த எண்ணிக்கையில் விற்று முடித்தார்கள். அதன் கீபோர்டு வழக்கமான மாடல்களுக்குப் போகவே இல்லை. ஆக அது விலக்கு இல்லை. பழைய ஆட்களுக்குக் கொடுத்த ஒரு பிறந்தநாள் பரிசு, அவ்வளவுதான்.

நிறுவனம் காது கொடுக்காதபோது கையில் ஸ்க்ரூடிரைவர் எடுத்தவர்களும் உண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. எக்ஸ்230-இல் எக்ஸ்220-இன் ஏழு வரிசைக் கீபோர்டைப் பொருத்தலாம் என்று கண்டுபிடித்தார்கள். பொத்தான்கள் சரியாக வேலை செய்ய லேப்டாப்புக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரையே திருத்தினார்கள். டி440பி வாங்கியவர்கள் அடுத்த தலைமுறையின் பொத்தான் வைத்த டச்பேடைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். சீனாவில் 51என்பி என்ற ஆர்வலர் குழு இன்னும் ஒரு படி மேலே போய், எக்ஸ்201-இன் பழைய உடலுக்குள் உட்காரும்படி எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்போடு புது மதர்போர்டே தயாரித்து விற்றது. எக்ஸ்210 என்று அதற்குப் பெயர். லெனோவோ விற்காத திங்க்பேடை வாடிக்கையாளர்களே செய்துகொண்டார்கள். பராமரிப்புக் கையேடுகளை நிறுவனம் யாரும் படிக்கும்படி வெளியிட்டு வந்ததும், எல்லாம் திருகாணியால் கட்டப்பட்டிருந்ததும் இதற்கு வழிவிட்டன.

பேட்டரியும் ரேமும்

கீபோர்டு சண்டை விரல்களைப் பற்றியது. அடுத்த சண்டை ஆயுளைப் பற்றியது.

2018-இல் வந்த டி480-ஐ இன்றும் தேடி வாங்குகிறார்கள். உள்ளே ஒரு சிறு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் இன்னொரு பேட்டரி. லேப்டாப்பை அணைக்காமலே வெளிப்பேட்டரியை மாற்றலாம். பெரியதாக வேண்டுமென்றால் 72 வாட்-ஹவர் பேட்டரி போட்டுக்கொள்ளலாம். ரேமுக்கு இரண்டு இடம். அடுத்த வருடம் டி490-இல் வெளிப்பேட்டரி போயிற்று, ரேமில் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, எஸ்டி கார்டு இடம் மைக்ரோ எஸ்டியாகச் சுருங்கியது. மெலிவும் எடைக்குறைவும்தான் காரணம். மேலே சொன்ன விதிப்படி, புது ஆளுக்கு மெலிவு பிடிக்கும், பழைய ஆளுக்கு மட்டும்தான் வலி. எனவே திரும்பாது. திரும்பவும் இல்லை, ஐந்து வருடத்துக்கு.

பிறகு 2024 பிப்ரவரியில் பார்சிலோனாவில் டி14 ஐந்தாம் தலைமுறையை அறிவித்தபோது, ரேமுக்கு இரண்டு இடம் மறுபடி வந்திருந்தது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளுக்குப் பெயர்போன ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து உள்ளமைப்பைத் திருத்தியிருந்தார்கள். ஐஃபிக்ஸிட் 10-க்கு 9 மதிப்பெண் கொடுத்தது. ரசிகர்கள் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஐந்து வருடத்தில் மாறியது சட்டமும் கொள்முதல் படிவமும். பிரான்ஸ் 2021-இலிருந்து லேப்டாப்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை வெளியிடச் சொல்லியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றக்கூடியதாக வைக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18 அதற்குக் கெடு. பெரிய நிறுவனங்களும் அரசுகளும் டெண்டரில் சுற்றுச்சூழல் கேள்விகளைச் சேர்த்தன. அதாவது இம்முறை கேட்டது தட்டுகிறவர் இல்லை, வாங்குகிறவர். அவர் கேட்டால் கிடைக்கும்.

திரையிலும் இதே கதைதான். 16:10 விகிதம் 2011 வாக்கில் போனதற்கும், 2021-இல் எக்ஸ்1 கார்பன் ஒன்பதாம் தலைமுறையில் திரும்பி வந்ததற்கும் ரசிகர்களின் கோபம் பெரிய காரணமாக இருக்க முடியாது. டிவி வியாபாரத்தை ஒட்டித் திரைத் தொழிற்சாலைகள் 16:9-ஐ மலிவாக்கின. மற்ற பிராண்டுகள் உயரத் திரைக்குத் திரும்பியதும் அதுவும் எளிதாகக் கிடைத்தது. வடிவமைப்பாளரின் முடிவு என்று நாம் நினைப்பதில் பாதி, உதிரிப்பாகம் விற்பவரின் விலைப்பட்டியல்.

இந்தியாவில் லெனோவோ புதுச்சேரித் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்கள் தயாரிக்கிறது. ஆனால் நம் ஊரில் தனி ஆட்கள் கைக்குத் திங்க்பேட் வருவது பெரும்பாலும் வேறு வழியில்: பெரிய நிறுவனங்கள் லீஸ் முடிந்து திருப்பிக் கொடுத்தவை, புதுப்பிக்கப்பட்டு, சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் விற்பனைக்கு வரும். இந்தச் சந்தையில் வாங்குகிறவருக்கு ரேமை ஏற்ற முடியுமா, பேட்டரியை மாற்ற முடியுமா என்பது விசுவாசமோ ரசனையோ கிடையாது, பணம். பற்றவைத்த 8 ஜிபி ரேமோடு வரும் லேப்டாப்புக்கு இரண்டாவது வாழ்க்கை சீக்கிரம் முடிந்துவிடும். புதிதாக வாங்கும் நிறுவனம் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, ஏனென்றால் அந்தச் செலவு அதன் தலையில் விழுவதில்லை.

குமிழின் எதிர்காலம்

2024 மாடல்களில் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. கீழ் இடது மூலையில் திங்க்பேடில் எப்போதும் எஃப்என் பொத்தான்தான் இருக்கும், கண்ட்ரோல் அதற்கு அடுத்து. மற்ற பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் தலைகீழ். டி14 ஐந்தாம் தலைமுறை போன்றவற்றில் இதை அந்த வழக்கப்படி மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள், லேப்டாப்பின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் போய்ப் பழையபடி மாற்றிக்கொண்டார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். புதிதாக வருகிறவருக்கு இது பெரிய நிம்மதி. காப்பி, பேஸ்ட் செய்யப் போய் எஃப்என்னைத் தட்டித் திட்டிய கூட்டம் அது.

எக்ஸ்9-ஐயும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குமிழை வழக்கமான டி வரிசையிலிருந்தோ எக்ஸ்1 கார்பனிலிருந்தோ எடுக்கவில்லை, அங்கெல்லாம் தொடரும் என்றார்கள். தனியாக ஒரு கிளை போட்டு, அதில் மட்டும் குமிழ் இல்லை. 2014-இல் எல்லோர் தலையிலும் கட்டி வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து கற்ற பாடம் இது என்று நினைக்கிறேன். அதே கண்காட்சியில் டெல் நிறுவனம் லாட்டிட்யூட் என்ற பெயரையே ஒழித்து டெல் ப்ரோ என்று வைத்தது. அதோடு ஒப்பிட்டால் லெனோவோ செய்தது ரொம்பவே ஜாக்கிரதையான வேலை.

ஆனால் குமிழின் உண்மையான ஆபத்து எக்ஸ்9 அல்ல. அந்த இரண்டு வாரப் பழக்கம்தான். ஹெச்பியும் டெல்லும் ஒரு காலத்தில் தங்கள் அலுவலக லேப்டாப்களில் இதே மாதிரிக் குமிழ் வைத்திருந்தன, இப்போது ஏறக்குறைய விட்டுவிட்டன. டச்பேட்கள் நன்றாகிவிட்ட காலத்தில், இரண்டு வாரம் எரிச்சல்பட்டுக் குமிழைப் பழகப் புது ஆளுக்குக் காரணம் இல்லை. பழகியவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பார்ப்பது குமிழை விட, அதன் மூன்று பொத்தான்களை. 2022-இல் வந்த இசட்13 மாடலில் பொத்தான்கள் கிடையாது. அதிர்வு கொடுத்து அழுத்திய உணர்வைத் தரும் டச்பேடின் மேல் விளிம்புதான் பொத்தான். காகிதத்தில் பார்த்தால் 2013-இன் அதே யோசனை. ஆனால் அன்று பலகை ஆடியது, புது ஆளும் திட்டினார், அதனால் பின்வாங்கினார்கள். இன்றைய அதிர்வு டச்பேட் ஆடுவதில்லை, மேக்புக்கிலிருந்து வருகிறவருக்கு அது மிகவும் பிடிக்கும். இதை ஒரு நாள் டி வரிசை முழுக்கக் கொண்டுவந்தால் கோபம் 2013 அளவுக்கே இருக்கும், ஒருவேளை அதிகமாகவும். இம்முறை பொத்தான்கள் திரும்பி வராது என்பது என் கணிப்பு.